கடல் ஏரிக்குள் வந்த தை அமாவாசை

மரக்காணத்தில் நான் குடித்த முதல் டீயை ரோட்டிலேயே துப்பிவிட்டேன். சர்க்கரைக்குப் பதிலாக உப்பைப் போட்டுத் தொலைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். எனக்காக ஆட்டோவோடு காத்திருந்த ரஷீத் பாய் சிரித்தார்.

"உப்பு போடலம்மா. தண்ணியே அப்படித்தான். கேன் தண்ணி வரலன்னா போர் தண்ணியில போட்டுடுவாங்க. ரெண்டு நாள் குடிச்சீங்கன்னா அப்புறம் உங்க ஊரு டீ சப்புன்னு இருக்கும்."

நான் கோபிச்செட்டிபாளையத்துக்காரி. ஆற்றுத் தண்ணீரும் வாய்க்கால் தண்ணீரும் குடித்து வளர்ந்த நாக்கு என்னுடையது. அதற்கு அன்று நடந்தது பெரிய அவமானம்.

இத்தனைக்கும் நான் வந்த காரியமே உப்புதான். ஊறுகாய் போட்டு விற்பது என் தொழில். போன வருடம் கடையில் வாங்கிய தூள் உப்பில் போட்ட மாவடு கொழகொழவென்று ஆகிவிட்டது. ஜாடி ஜாடியாகக் குழியில் கொட்டி மூடினேன். இந்த வருடம் பாத்தியிலிருந்து வாரிய கல் உப்பைக் கண்ணால் பார்த்து எடுப்பது என்று முடிவு செய்தேன். எங்கள் பக்கம் வரும் லாரி டிரைவர் ஒருவர் செல்வத்தின் நம்பரைக் கொடுத்தார். செல்வம் இங்கே உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவர். அவர் மனைவி மகளின் பிரசவத்துக்குப் பாண்டிச்சேரி போயிருந்ததால், ஏரிப் பக்கம் இருக்கும் தன் தங்கை வசந்தாவின் வீட்டில் நான் தங்கிக்கொள்ள ஏற்பாடு செய்திருந்தார். முன்பின் தெரியாத வீட்டுக்குக் கையை வீசிக்கொண்டு போகக்கூடாது என்று, எங்கள் வயலில் விளைந்த பழைய சீரகச் சம்பா அரிசி ஒரு பை எடுத்து வந்தேன். அந்தப் பை செய்த வேலையைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

வரும் வழியில் பெருமுக்கல் தாண்டியதும் பஸ் டயர் வெடித்தது. எங்கள் ஊராக இருந்தால் கண்டக்டரின் பரம்பரையையே இழுத்திருப்போம். இங்கே எல்லோரும் இறங்கி, புளியமர நிழலில் உட்கார்ந்து, வேர்க்கடலையைப் பிரித்தார்கள். ஒரு அம்மாள் எனக்கும் ஒரு கை கொடுத்து, "கடல் இன்னா எழுந்து போயிடவா போவுது? குந்தும்மா" என்றார். கடல் எழுந்து போகாது என்பது சரிதான். எழுந்து வரும் என்று அவர் சொல்லவில்லை.

ரஷீத் பாய் என்னை நேராக உப்பளத்துக்குக் கொண்டுபோய் இறக்கினார். வெள்ளை வெளேரென்று குவியல் குவியலாக உப்பு இருக்கும் என்று மனதில் படம் வரைந்து வைத்திருந்தேன். அங்கே இருந்தது தண்ணீர். கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீர். பாத்திகளின் வரப்புகள் மட்டும் ஆங்காங்கே முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தன. ஒரு பிடி உப்பு இல்லை. மாவடு வர இன்னும் எவ்வளவு நாள் இருக்கிறது?

வரப்பில் நின்ற வடக்கத்தித் தொழிலாளி ஒருவர் போனில் சத்தமாக இந்தியில் பேசிக்கொண்டிருந்தார். பல வருடம் சார்ஜாவில் வண்டி ஓட்டிய ரஷீத் பாய் எனக்கு மொழிபெயர்த்தார். "பொண்டாட்டிகிட்ட பேசறாரு. 'இங்க எல்லாமே தண்ணியா இருக்குது, உப்புன்னு இருந்தா அது என் வேர்வை மட்டும்தான்'ங்கறாரு."

செல்வம் ஐம்பதை நெருங்கும் ஆள். வெயிலில் வறுபட்ட முகம். எதையாவது ஆறுதலாகச் சொல்வோமே என்று, "மழை நல்லாப் பெஞ்சிருக்குதாட்ட இருக்குதுங்க" என்றேன். எங்கள் ஊரில் இதைவிட நல்ல வார்த்தை கிடையாது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் சுருங்கிப் போனேன்.

"நல்ல தண்ணிதாங்கா எங்களுக்கு எமன். கார்த்தியில பெய்ய வேண்டியது மார்கழி கடைசி வரைக்கும் பெஞ்சிச்சி. ஏரி ரொம்பி இங்க வந்து நிக்குது. இது வடிஞ்சி, கடல் தண்ணி உள்ள வந்தாதான் எனக்குப் பொழப்பு."

கழுவேலி ஏரி அங்கிருந்து மேற்கே கிடக்கிறது. அது நிரம்பினால் ஓடை வழியாக வந்து, முகத்துவாரத்தில் கடலில் சேரும். ஆனால் கடல் சும்மா இருப்பதில்லை. அலை மணலை வாரி வாரிப் போட்டு அந்த வாயை மூடிவிடுகிறது. மூடினால் ஏரி நன்னீராக நிற்கும், விவசாயிக்குக் கொண்டாட்டம். உப்பளம் முழுகிக் கிடக்கும்.

"அப்ப வெட்டி விட வேண்டியதுதானுங்களே?"

"ஏரிக்காரங்க அறுப்பு முடியணும். முடிஞ்சா சேதி வரும். வராம மம்பட்டி எடுக்க மாட்டோம். எங்கப்பா காலத்துல இருந்து அதான் பேச்சு."

"எல்லாரும் அறுத்தாச்சி, ஒரே ஒரு வயலுதான் பாக்கி" என்றார் ரஷீத் பாய் இடையில். செல்வம் அவரை ஒரு முறை முறைத்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

வசந்தாவின் வீட்டை அடைந்தபோது சாயங்காலம். அவளுக்கு நாற்பது வயது இருக்கும். கணவர் சென்னையில் கட்டட வேலைக்குப் போயிருக்கிறார். அவள் தனியாகவே வயலையும் இரண்டு மாடுகளையும் பார்த்துக்கொள்கிறாள். அரிசிப் பையைப் பிரித்து முகர்ந்து பார்த்தவள், "இன்னாக்கா இது, அரிசியா அத்தரா?" என்றாள். அந்த ஒரு பேச்சிலேயே எனக்கு அவளைப் பிடித்துப் போய்விட்டது.

இரவு ஏரி ரால் தொக்கும் சுடுசோறும். ராலில் அப்படி ஒரு இனிப்பு. கடலில் பிறந்த குஞ்சு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளர்ந்து, பெரிதானதும் கடலுக்கே திரும்பிவிடும் என்று வசந்தா சொன்னாள். நான் நம்பவில்லை. ஏரி வேறு, கடல் வேறு. எங்கள் ஊரில் ஏரி என்றால் மதகு, மதகைத் திறந்தால் தண்ணீர் போகும், போனது திரும்பி வராது. இதைச் சொன்னபோது அவள் சிரித்தபடி எனக்கு இன்னும் இரண்டு ரால் போட்டாள்.

காலையில் கொல்லைப் பக்கம் போய்ப் பார்த்தேன். ஏரி விளிம்பில் அவள் வயல். சுற்றிலும் அறுத்த தாள் மட்டும் நிற்க, இவள் வயலில் மட்டும் கதிர் பால் பிடித்து, இளம்பச்சையாகத் தலை சாய்த்துக்கொண்டிருந்தது.

"மொத நாத்து மழையில அடிச்சினு போயிடுச்சிக்கா. ரெண்டாவது வாட்டி வுட்டு நட்டது. இன்னும் ஒரு தண்ணி வச்சா போதும், முத்திக்கும்."

ரஷீத் பாய் சொன்ன அந்த ஒரு வயல் இதுதான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று முழுவதும் பார்த்தேன். கடையில், குழாயடியில், பால் ஊற்றும் இடத்தில், எல்லோரும் அவளிடம் ஒரே கேள்வி கேட்டார்கள். "இன்னாம்மா, எப்ப அறுப்பு?" கேட்டதில் கோபம் இல்லை. அதுதான் கொடுமை. உப்பளத்தில் வேலை இல்லாமல் வீட்டில் குந்தியிருக்கிற பெண்கள் அவர்கள். வசந்தா ஒவ்வொரு தடவையும் "ஆவும், ஆவும்" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தாள். தன் அண்ணன் மட்டும் கேட்கவே இல்லை என்றாள். "கேட்டாகூட தேவல. போன்ல சாப்டியான்னு கேட்டுட்டு வச்சிடுறான்."

மறுநாள் தை அமாவாசை. நான் எழுந்தபோது சமையலறையில் வெல்லப் பாகு வாசம். வசந்தா தலைக்குக் குளித்து, பித்தளைப் பானையில் பொங்கல் வைத்து இறக்கியிருந்தாள். "கடலுக்குப் போலாம்க்கா, ஆட்டோ வருது" என்றாள். அமாவாசைக்குக் கடலில் முழுக்குப் போடத்தான் என்று நானும் மாற்றுப் புடவை எடுத்துக்கொண்டேன்.

முகத்துவாரத்தில் திருவிழாக் கூட்டம். ஒரு பக்கம் முன்னோருக்கு எள்ளும் தண்ணீரும் விடுகிறவர்கள். மணல் மேட்டில் செல்வமும் உப்பளத்து ஆட்களும் பக்கத்து அனுமந்தை மீனவர்கள் சிலரும் மம்பட்டிகளோடு நின்றார்கள். வசந்தா காலையிலேயே போனில் வரச் சொல்லியிருந்தாளாம். வசந்தா பானையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்ததும் கூட்டம் சத்தம் போட்டது. அவள் பானையை மணலில் இறக்கி, கற்பூரம் ஏற்றி, அண்ணனைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். செல்வத்தின் முகத்தை நான் மறக்க மாட்டேன். வீட்டில் குழந்தை பிறந்த சேதி கேட்டவர் மாதிரி இருந்தது.

எனக்குச் சுருக்கென்றது. அவள் காதோரம் குனிந்து, "உன்ற வயலு?" என்று கேட்டேன்.

"வெடிகாலையே எழுந்து தண்ணி வச்சிட்டேன்க்கா. நீங்க தூங்கிக்கினு இருந்தீங்க" என்றாள். சரி, தண்ணீர் வைத்துவிட்டாள், இனி ஏரி வடிந்தால் என்ன என்று நானும் நிம்மதியானேன். அவள் என் கண்ணைப் பார்க்காமல் சொன்னதை நான் கவனிக்கவில்லை.

கடல் உள்வாங்கியிருந்த உச்சிப்பொழுது. ஒரு ஆள் அகலத்துக்குத்தான் வெட்டினார்கள். முதலில் விரல் தடிமனுக்கு ஒரு தண்ணீர் ஓடியது. அவ்வளவுதானா என்று நான் நினைத்து முடிப்பதற்குள், இரண்டு பக்கத்து மணலும் தொப் தொப்பென்று சரிந்தது. நான் நின்றிருந்த இடமே என் காலுக்கடியிலிருந்து போயிற்று. ரஷீத் பாய் என் கையைப் பிடித்து இழுக்காவிட்டால் நான் வங்காள விரிகுடாவில் இருந்திருப்பேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கீறல் வாய்க்காலாகி, வாய்க்கால் ஆறாகி, ஏரி பழுப்பு நிறத்தில் உறுமிக்கொண்டு கடலுக்குள் பாய்ந்தது.

எல்லோரும் மணலில் உட்கார்ந்தோம். வசந்தா வாழையிலைத் துண்டுகளில் பொங்கலை வைத்துக் கொடுத்தாள். செல்வம் ஒரு கவளத்தை உருட்டிக்கொண்டே எனக்கு விளக்கினார். "இதாங்கா எங்களுக்கு வர்ற சேதி. கடைசி வயல அறுத்து, அந்தப் புது அரிசியில பொங்கி இங்க கொண்டாந்து வச்சாதான் வெட்டலாம்னு அர்த்தம்."

என் வாய்க்கு ஒரு பூட்டுப் போட வழியிருந்திருந்தால்! நான் அப்போதுதான் முதல் வாய் வைத்தேன். அந்த மணம், அந்தப் பொடி அரிசி. பெருமை தாங்காமல் சிரித்தேன். "புது அரிசியா? நல்லாப் பாருங்க, இது நான் கொண்டாந்த சீரகச் சம்பாவாச்சே!"

செல்வத்தின் கை வாய்க்குப் போகும் வழியில் நின்றது.

வசந்தா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதில் கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. நடந்தது எனக்குப் புரிந்தபோது, இலையை மணலில் வைத்துவிட்டேன்.

"அறுக்கலயா நீ?" என்றார் செல்வம். "கேக்கறன் இல்ல? தண்ணியாவது வச்சியா?"

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். "ஒரு வெடிகாலையில வச்சி முடிக்கிற தண்ணியா அது? இன்னான்ற இப்ப? நீ உப்பு வித்துதான எனக்குக் கல்யாணம் பண்ண? அந்த உப்பளம் முழுவிக் கெடக்குது, நான் கதிரு முத்தட்டும்னு குந்திக்கினு இருக்கணுமா? ஊரே என் மூஞ்சியப் பாக்குது. ஒரு வயலு போனா போவுது."

செல்வம் கவளத்தை இலையிலேயே வைத்துவிட்டு எழுந்தார். "மூடுங்கடா!" என்று கத்தினார். யாரும் அசையவில்லை. ஒரு மீனவர், "ஏம்பா, இத இன்னும் எவன்பா மூட முடியும்? பாரு, நின்னுடுச்சி" என்றார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் ஓடவில்லை. நுரை ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. காலையில் மக்கள் முன்னோருக்கு விட்ட சாமந்திப் பூக்களும் வாழையிலைகளும் சற்று நேரம் முன்புதான் கடலுக்குள் போயிருந்தன. அவை அப்படியே நின்றன. பிறகு மெல்லத் திரும்பின. எங்களைத் தாண்டி, மேற்கே, ஏரியைப் பார்த்து வரிசையாகப் போக ஆரம்பித்தன. அவற்றின் பின்னாலேயே பச்சையாகக் கடல் வந்தது.

ஆறு கடலுக்குப் போகும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தவள் நான். கடல் ஊருக்குள் வரும் என்று எந்த வாத்தியாரும் சொல்லவில்லை. "ஐயோ, திரும்பி வருதே, திரும்பி வருதே" என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தேனாம். ரஷீத் பாய் பிறகு சொன்னார்.

"அமாவாச வெள்ளம். ஏரி எறங்கினா கடல் ஏறத்தான செய்யும்" என்றார் செல்வம். அமாவாசைக்குக் கடல் ஏறும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். வசந்தாவுக்கும் தெரியும். தெரிந்துதான் பானையைத் தூக்கினாள்.

ஏரி முழுக்கக் கரிப்பதற்குள் வயலுக்கு ஒரு தண்ணீர் இறைத்துவிட வேண்டும் என்று, உப்பளத்துக்குப் போய் ஆயில் இன்ஜினையும் குழாயையும் ஆட்டோவின் பின்னால் போட்டுக் கட்டினோம். வசந்தா முன்னால் ரஷீத் பாய் பக்கத்தில் ஒடுங்கிக்கொண்டாள். நானும் செல்வமும் இன்ஜினுக்கு மேலே குந்தினோம். இடது பக்கம் ஓடை எங்களோடு கூடவே வந்தது. அதில் ஒரு சாமந்தி மாலை. "பாய், அது முந்துது! ஓட்டுங்க பாய்!" என்று கத்தினேன். "நான் என்னம்மா பண்ணுவேன், அல்லா எனக்கு ஆட்டோதான குடுத்தான்" என்றார் அவர். நடுவழியில் இன்ஜின் சரிந்து என் கால் விரல் நசுங்கியது. வலித்ததாகவே நினைவில்லை.

வயலுக்குப் போகும் வாய்க்காலில் செல்வம் ஒரு கை அள்ளிக் குடித்தார். "நல்ல தண்ணிதான் இன்னும்." பிறகு கையை முழுக்க உள்ளே விட்டு, அடியிலிருந்து அள்ளி நக்கிப் பார்த்துத் துப்பினார். அடியில் உப்பு ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது.

எனக்கு அது அடுத்த அதிர்ச்சி. ஒரே வாய்க்காலில் இரண்டு தண்ணீர். கடல் தண்ணீர் கனமானது, அது அடியில் புகுந்து வருகிறது. மழைத் தண்ணீர் இலேசு, மேலே மிதக்கிறது. உப்பளத்தில் எதிர்பாராத மழை பெய்தால் பாத்தியின் மேலாக நிற்கிற மழைத் தண்ணீரை மட்டும் வழித்து வெளியே விடுவார்களாம். இங்கே அதே வேலையைத்தான் செய்தார். இரண்டு காலிக் கேன்களைக் குழாயின் வாயில் கட்டி மிதக்கவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் உறிஞ்ச வைத்தார். இன்ஜின் புகை கக்கியது. வயலில் தண்ணீர் விழுந்த சத்தத்தில் வசந்தா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

இருட்டும் வரை ஓடியது. விடிந்ததும் மறுபடி. ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து, குழாயில் வருவதை அடிக்கடி நக்கிப் பார்ப்பதுதான் எங்கள் வேலை. முதல் நாள் டீயைத் துப்பிய நாக்குக்கு அப்படி ஒரு பொறுப்பு.

மறுநாள் காலை வெயில் ஏறும்போது செல்வத்தின் போன் அடித்தது. உப்பளத்து ஆள். அவர் கத்தியது எனக்கே கேட்டது. "அண்ணே, தண்ணி வந்துடுச்சிண்ணே! பச்சத் தண்ணி, கடல் தண்ணி! எறங்கறதுக்குள்ள ஏத்தணும், இன்ஜினு எங்க?"

அந்தத் தண்ணீருக்காகத்தான் அவர் இத்தனை நாள் வரப்பில் குந்தியிருந்தார். வசந்தா ஓடிவந்து குழாயைப் பிடித்தாள். "போண்ணா! எடுத்துக்கினு போ! அதுக்குத்தான பொங்க வச்சேன்?"

செல்வம் அவள் கையைக் குழாயிலிருந்து பிரித்தார். போனில், "இன்ஜினு இங்க இருக்குது. பௌர்ணமிக்கு மறுபடி வரும், அப்ப பாத்துக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டார். நான் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் என் பக்கம் வந்த தண்ணீரை நக்கினேன். கரித்தது. கையைத் தூக்கினேன். அவரும் நக்கிப் பார்த்துவிட்டு இன்ஜினை நிறுத்தினார். கிழக்கு மூலை இன்னும் காய்ந்துதான் கிடந்தது.

"அந்த மூலண்ணா..." என்றாள் வசந்தா.

"வேணாம். இதுக்கு மேல ஊத்தினா உன் வயல நானே உப்பளமா ஆக்கிடுவேன்."

வாய்க்காலின் தலைப்பில் மண் மூட்டைகளை அடுக்கி மூடினோம். பிறகு செல்வம் வரப்பில் சாய்ந்து உட்கார்ந்து, "நேத்து பொங்கல் மீதி இருக்குதா?" என்று கேட்டார். வசந்தா பானையைக் கொண்டுவந்தாள். கட்டியாகிப் போயிருந்த என் சீரகச் சம்பாவை அவர் பெயர்த்துப் பெயர்த்துத் தின்றார்.

"இது கணக்குல வராது. அறுத்துட்டு, புது அரிசியில மறுபடி வைக்கணும் நீ" என்றார்.

"மொகத்துவாரந்தான் தொறந்துகினு கெடக்குதே?"

"கெடக்கட்டும். நீ வை."

நான் உப்பு இல்லாமல் கோபிக்குத் திரும்பினேன். வாங்கி வந்தது நசுங்கிய விரலும் கொஞ்சம் கருவாடும்தான். வீட்டு டீ சப்பென்று இருந்தது. மாசி பிறந்தது, மாவடு வர ஆரம்பித்தது, ஜாடிகள் கழுவிக் கவிழ்த்தபடி இருந்தன. செல்வத்துக்கு அடிக்கடி போன் செய்தேன். ஆனால் உப்பைப் பற்றி ஒரு நாளும் கேட்கவில்லை. அந்த ஊர்ப் பெண்களைப் போலவே நானும் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன். "எப்பங்க அறுப்பு?" கிழக்கு மூலை கருகிவிட்டது, மற்றது நிற்கிறது என்பார்.

நேற்று வசந்தாவே கூப்பிட்டாள். "அக்கா, கேக்குதா?" என்று கத்தினாள். அதற்குப் பிறகு அவள் பேசியது எதுவும் காதில் விழவில்லை. அறுப்பு இயந்திரத்தின் சத்தம் அவ்வளவு பலமாக இருந்தது.